ஒரு கார்டில் இரண்டு சிப்: விலை நியாயமா?

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் லாட்ஜில் ரூம் கேட்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். டபுள் ரூம் வாடகை என்பது இரண்டு சிங்கிள் ரூம் வாடகையைக் கூட்டிப் போட்டது அல்ல. ஆள் வராத மாதத்தில் அது ரொம்பக் குறைவாகவே இருக்கும். சாரல் அடித்து, ஐந்தருவியில் நிற்க இடமில்லாத சனிக்கிழமை என்றால் அதே ரூமுக்கு வேறு விலை. கட்டில் அதேதான், மெத்தையும் அதேதான். வந்து நிற்பவருக்கு வேறு வழி இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

இந்தப் பதிவு லாட்ஜைப் பற்றியது அல்ல நண்பர்களே, கிராபிக்ஸ் கார்டைப் பற்றியது. ஒரே கார்டில் இரண்டு சிப் வைத்து விற்கிறார்களே, அதன் விலை தனித்தனியாக இரண்டு கார்டு வாங்குவதோடு ஒப்பிட்டால் நியாயமா? கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் இதைப் பல வருடம் வாதாடியிருக்கிறார்கள். பெரும்பாலும் எந்த கேமில் எத்தனை ஃபிரேம் என்பதோடு வாதம் முடிந்துவிடும். நான் படிப்பது பி.காம். அதனால் விலைச்சீட்டுப் பக்கமிருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். 1998-லிருந்து 2016 வரையிலான அறிமுக விலைகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது, லாட்ஜ் கணக்கேதான் அங்கேயும் ஓடியிருக்கிறது என்று தெரிந்தது.

பழைய கதை எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணம். ஒன்று, அந்தக் கால இரட்டைக் கார்டுகள் இன்றும் செகண்ட் ஹேண்டில் சுற்றி வருகின்றன. "24 ஜிபி கார்டு, சல்லிசான விலை" என்று பார்த்தால் நம் போன்ற மாணவர்களுக்குக் கை பரபரக்கும். இரண்டு, செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இரட்டைச் சிப் கார்டுகள் மறுபடி தலைகாட்டுகின்றன. வீட்டிலிருந்து வரும் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவன் ஏமாறாமல் இருக்க வேண்டுமென்றால் இந்த வரலாறு தெரிந்திருப்பது நல்லது.

முதல் கட்டம்: வூடூ காலம்

1998-இல் அமெரிக்காவின் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனி வூடூ2 என்ற கார்டை விட்டது. 12 எம்பி நினைவகம் உள்ள கார்டு சுமார் 300 டாலர். இதே கார்டில் இரண்டு வாங்கி, நடுவில் ஒரு சின்ன கேபிள் போட்டு இணைக்கலாம். திரையில் உள்ள கோடுகளில் ஒன்றுவிட்டு ஒன்றை ஒரு கார்டு வரையும், மீதியை இன்னொன்று வரையும். இந்த ஏற்பாட்டுக்கு எஸ்எல்ஐ என்று பெயர். தனிக் கார்டில் 800-க்கு 600 வரைதான் போகும். இரண்டு போட்டால் 1024-க்கு 768. அதாவது இரண்டாவது 300 டாலருக்குக் கண்ணுக்குத் தெரிகிற பலன் இருந்தது.

ஆனால் வூடூ2 3டி வேலை மட்டுமே செய்யும். சாதாரண திரைக்குத் தனியாக ஒரு 2டி கார்டு வேண்டும். ஆக மொத்தம் மூன்று ஸ்லாட் காலி. இந்த இடப் பிரச்சினைக்காகவே குவாண்டம்3டி என்ற கம்பெனி இரண்டு வூடூ2-வை ஒரே கார்டில் சேர்த்து ஆப்சிடியன்2 எக்ஸ்-24 என்று விற்றது. நம் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. ஒரே வேலை, ஒரே சிப்கள். ஒருவர் இரண்டு கார்டாக வாங்குகிறார், இன்னொருவர் ஒரு கார்டாக வாங்குகிறார். இரண்டாமவர் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு சிப்புக்கு அல்ல, மிச்சமான ஸ்லாட்டுக்கு.

அடுத்து ஏஜிபி ஸ்லாட் பரவியது. ஒரு மதர்போர்டில் ஒரே ஒரு ஏஜிபி ஸ்லாட்தான் இருக்கும். அதனால் இரண்டு தனிக் கார்டு என்ற வழியே அடைபட்டுப் போனது. இரண்டு சிப் வேண்டுமானால் ஒரே கார்டில்தான் வாங்க வேண்டும். 1999 கடைசியில் ஏடிஐ கம்பெனி ரேஜ் ஃப்யூரி மேக்ஸ் என்ற கார்டை இப்படித்தான் கொண்டுவந்தது. இதில் வேலைப் பங்கீடு வேறு மாதிரி: ஒரு ஃபிரேமை முதல் சிப் வரையும், அடுத்த ஃபிரேமை இரண்டாவது சிப் வரையும். விண்டோஸ் 98-இல் ஓடியது. விண்டோஸ் 2000 வந்ததும் இரண்டாவது சிப் தூங்கிவிட்டது. அந்த இயங்குதளத்தில் இரண்டையும் எழுப்ப ஏடிஐ-யால் முடியவில்லை. வாங்கியவர் கையில் இருந்தது இரண்டு சிப், ஓடியது ஒன்று.

இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். இரட்டைக் கார்டு வாங்குகிறவர் சிப் மட்டும் வாங்கவில்லை. "இரண்டையும் சேர்த்து ஓட்டும் மென்பொருளை நாங்கள் தொடர்ந்து எழுதித் தருவோம்" என்ற வாக்குறுதியையும் சேர்த்து வாங்குகிறார். பில்லில் அது தனி வரியாக வராது. ஆனால் கார்டின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

3டிஎஃப்எக்ஸ் சும்மா இருக்கவில்லை. 1999 நவம்பரில் விஎஸ்ஏ-100 என்ற சிப்பை வைத்து ஒரு குடும்பத்தையே அறிவித்தது. ஒரு சிப் உள்ள வூடூ4 4500 சுமார் 180 டாலர். இரண்டு சிப் உள்ள வூடூ5 5500 சுமார் 300. நான்கு சிப் உள்ள வூடூ5 6000 சுமார் 600. இரண்டு 4500-இன் விலை 360. ஆனால் 5500-க்கு 300 போதும். 17 சதவீதம் தள்ளுபடி! ஏன் இந்தத் தாராளம்? எதிரே என்விடியாவின் ஜிஃபோர்ஸ் வரிசை ஒற்றைச் சிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. 2000 மத்தியில் 5500 கடைக்கு வந்தபோது ஜிஃபோர்ஸ்2 ஏற்கனவே அங்கே இருந்தது. தோற்கிறவரால் அதிக விலை சொல்ல முடியாது. நான்கு சிப் கார்டு கடைக்கு வரவே இல்லை. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்தை என்விடியாவிடம் விற்க ஒப்புக்கொண்டது.

இரண்டாம் கட்டம்: தள்ளுபடிக் காலம்

2004-இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தது. ஒரு போர்டில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு மறுபடி சாத்தியமானது. என்விடியா எஸ்எல்ஐ என்ற பழைய எழுத்துகளுக்குப் புது விரிவு கொடுத்து இறக்கியது. ஏடிஐ 2005-இல் கிராஸ்ஃபயர் என்று தன் பங்கைக் கொண்டுவந்தது. 2006-இல் என்விடியாவின் 7950 ஜிஎக்ஸ்2 வந்தது. இரண்டு பலகையை சாண்ட்விச் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிய கார்டு.

இந்தியாவில் வாங்குகிறவருக்கு இங்கே ஒரு சிக்கல். இரண்டு என்விடியா கார்டை எஸ்எல்ஐ-யில் ஓட்ட, பொதுவாக என்விடியா சிப்செட் உள்ள மதர்போர்டு வேண்டும். 2008 கடைசியில் இன்டெலின் எக்ஸ்58 போர்டுகளுக்கு உரிமம் கிடைக்கும் வரை இதுதான் நிலைமை. கடைகளில் சாதாரணமாக வாங்கி மாட்டிய இன்டெல் போர்டில் இரண்டு தனிக் கார்டு எஸ்எல்ஐ-யில் ஓடாது. இரட்டைச் சிப் கார்டோ ஒரே ஸ்லாட்டில் உட்கார்ந்துவிடும். அப்படியானால் சரியான ஒப்பீடு எது? இரண்டு தனிக் கார்டு, கூடவே புதுப் போர்டு, கூடவே பெரிய எஸ்எம்பிஎஸ். இந்த மொத்தத்தோடு வைத்துப் பார்த்தால் இரட்டைக் கார்டு கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் லாபமாகவே வரும். நாங்கள் வகுப்பில் படிக்கிற வாய்ப்புச் செலவு என்பது இதுதான். விட்டுக்கொடுத்த அடுத்த நல்ல வழி எது என்று பார்க்காமல் விலையை நியாயம், அநியாயம் என்று சொல்ல முடியாது.

2006-இல் ஏடிஐ-யை ஏஎம்டி வாங்கியது. 2008 ஜனவரியில் எச்டி 3870 எக்ஸ்2 வந்தது: 449 டாலர். தனி 3870-இன் அறிமுக விலை 219. இரண்டுக்கு 438. ஏறக்குறைய சமம், 11 டாலர் கூடுதல்.

அதே வருடம் ஆகஸ்டில் வந்ததுதான் இந்தக் கதையின் கதாநாயகன்: எச்டி 4870 எக்ஸ்2. இதன் பின்னணி சுவாரசியமானது. என்விடியா ஜிடிஎக்ஸ் 280-க்காக 576 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய சிப்பைச் செய்தது. விலை 649 டாலர். ஏஎம்டி வேறு கணக்குப் போட்டது. சிப்பை 256 சதுர மில்லிமீட்டரிலேயே நிறுத்தி, நடுத்தர விலைக்கு விற்பது. உச்சத்தில் போட்டி போட அதையே இரண்டாக ஒட்டுவது. சிலிக்கான் தகடு ஒன்றில் பெரிய சிப் வெட்டினால் எண்ணிக்கை குறையும், ஒரு சின்னக் குறை விழுந்தால் பெரிய துண்டே வீணாகும். சின்னதாக வெட்டினால் சேதாரம் குறைவு. நகைக்கடையில் சேதாரம் கேட்டுப் பழகிய நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை :)

தனி 4870 விலை 299. இரண்டுக்கு 598. எக்ஸ்2 விலை 549. அதோடு விடவில்லை, சிப்பின் வேகம் இரண்டிலும் அதே 750 மெகாஹெர்ட்ஸ், எக்ஸ்2-வில் ஒவ்வொரு சிப்புக்கும் 1 ஜிபி நினைவகம், அறிமுகமான தனிக் கார்டில் 512 எம்பிதான். வேகம் குறையாமல், நினைவகம் இரட்டிப்பாகி, விலை 8 சதவீதம் குறைவு. என்விடியா ஜிடிஎக்ஸ் 280-இன் விலையை அறிமுகமான சில வாரங்களிலேயே 499-க்கு இறக்க வேண்டி வந்தது. 2009 ஜனவரியில் தானும் இரண்டு சிப்பை ஒட்டி ஜிடிஎக்ஸ் 295 என்று விட்டது. விலை 499. அன்றைய டாலர் மதிப்பில், வரியும் கடைக்காரர் லாபமும் சேராமலே சுமார் 24,000 ரூபாய்.

இரண்டு கம்பெனியும் மாறி மாறி அடித்துக்கொண்ட இந்த இரண்டு வருடம்தான் வாங்குகிறவருக்குச் சீசன்.

300 வாட் வேலி

இனி கொஞ்சம் தொழில்நுட்பம். பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிப்படி அப்போது ஒரு கார்டு 300 வாட் வரைதான் மின்சாரம் எடுக்கலாம்: ஸ்லாட்டிலிருந்து 75, ஆறு பின் இணைப்பிலிருந்து 75, எட்டு பின் இணைப்பிலிருந்து 150. இரண்டு பெரிய சிப்பை முழு வேகத்தில் ஓட்டினால் இந்த வேலிக்குள் அடங்காது. அதனால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். பெட்டியின் மேல் "இரண்டு சிப்" என்று இருக்கும். இரண்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும்.

2009 நவம்பரில் வந்த எச்டி 5970 இதற்கு நல்ல உதாரணம். உள்ளே இருப்பது எச்டி 5870-இன் முழுச் சிப் இரண்டு. ஆனால் வேகம் 850 அல்ல, 725 மெகாஹெர்ட்ஸ். அது தம்பி 5850-இன் வேகம். மின்தேவை 294 வாட். விலை 599. இரண்டு 5870 என்றால் 758, இரண்டு 5850 என்றால் 518. விலை இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அண்ணனோடு ஒப்பிட்டால் 85 சதவீத வேகம், 79 சதவீத விலை. இதைவிட நேர்மையான விலைச்சீட்டு இந்தப் பட்டியலில் குறைவு.

2011 மார்ச்சில் ஏஎம்டி எச்டி 6990-ஐயும், இரண்டு வாரம் கழித்து என்விடியா ஜிடிஎக்ஸ் 590-ஐயும் விட்டன. இரண்டுக்கும் ஒரே விலை, 699. இதில் 590-ஐப் பாருங்கள்: தனி ஜிடிஎக்ஸ் 580 விலை 499, இரண்டுக்கு 998. 590-இல் விலை 70 சதவீதம்தான். ஆஹா என்று தோன்றும். ஆனால் சிப்பின் வேகம் 772-இலிருந்து 607-க்கு இறங்கியிருக்கிறது, 79 சதவீதம். அப்படியும் கணக்கு வாங்குகிறவர் பக்கம்தான்.

விற்கிறவரின் அடக்க விலை என்ன ஆகும்? ஒரு பலகை, ஒரு பெட்டி, ஒரு தடவை கப்பல் கூலி என்று மிச்சமாகும். மறுபக்கம், இரண்டு சிப்பையும் ஸ்லாட்டோடு இணைக்க ஒரு பாலம் சிப் வேண்டும், பலகையில் அடுக்குகள் கூடும், குளிர்விப்பான் கனமாகும். எல்லாவற்றுக்கும் மேல், விற்கும் எண்ணிக்கை குறைவு. வடிவமைப்புச் செலவைக் கொஞ்சம் கார்டுகள் மேல்தான் ஏற்ற முடியும். அதனால் "ஒரே கார்டாகச் செய்தால் மலிவாகத்தானே இருக்க வேண்டும்" என்ற வாதம் அவ்வளவு சுலபமாக நிற்காது. அடக்க விலையை வைத்து மட்டும் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

பட்டியல்

இரண்டு தனிக் கார்டின் அறிமுக விலையை 100 என்று வைத்துக்கொண்டால் இரட்டைக் கார்டின் அறிமுக விலை எவ்வளவு?

வூடூ5 5500 (2000): 300 டாலர், இரண்டு தனிக் கார்டு 360. விகிதம் 83
எச்டி 3870 எக்ஸ்2 (2008): 449, தனியாக 438. விகிதம் 103
எச்டி 4870 எக்ஸ்2 (2008): 549, தனியாக 598. விகிதம் 92
எச்டி 5970 (2009): 599, தனியாக 758. விகிதம் 79
எச்டி 6990 (2011): 699, தனியாக 738. விகிதம் 95
ஜிடிஎக்ஸ் 590 (2011): 699, தனியாக 998. விகிதம் 70
ஜிடிஎக்ஸ் 690 (2012): 999, தனியாக 998. விகிதம் 100
எச்டி 7990 (2013): 999, தனியாக 998. விகிதம் 100
ஆர்9 295எக்ஸ்2 (2014): 1499, தனியாக 1098. விகிதம் 137
டைட்டன் இசட் (2014): 2999, தனியாக 1998. விகிதம் 150
ரேடியான் ப்ரோ டுயோ (2016): 1499, தனியாக 1298. விகிதம் 115

கோடு எப்படிப் போகிறது பாருங்கள். 2011 வரை ஒன்றைத் தவிர எல்லாம் நூறுக்குக் கீழே. 2012, 2013-இல் அச்சு அசலாக நூறு. 2014-இலிருந்து நூறுக்கு மேலே. 2012-க்குப் பிறகு இரண்டு சிப்பை ஒட்டுவது திடீரென்று கஷ்டமாகிவிடவில்லை. மாறியது வாங்குகிற ஆள். ஆரம்பத்தில் அது மேசையில் கேம் ஆடுகிற, காசு எண்ணி வாங்குகிற ஆள். கடைசியில் அது "இருப்பதிலேயே பெரியது எது, எடு" என்று கேட்கிற ஆள். அவருக்கு விலை கூடுதல் என்பது குறையாகத் தெரிவதில்லை, சில சமயம் அதுவே கவர்ச்சி.

பஸ் இரண்டு, காத்திருப்பு ஒன்று

விலை ஏறிய அதே காலத்தில்தான் பொருளின் குறையும் வெளியே வந்தது.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் குற்றாலம் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறீர்களா? இருபது நிமிடம் ஒன்றும் வராது. பிறகு இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வரும். மணிக்கு எத்தனை பஸ் என்று கணக்கெடுத்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும். நின்றவனுக்குத்தான் பலனில்லை. இரட்டைச் சிப் கார்டிலும் இதே கதை. ஒரு ஃபிரேம் ஒரு சிப், அடுத்தது இன்னொரு சிப் என்று வரைகின்றன. இரண்டாவது ஃபிரேம் முதலாவதின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தால், மீட்டரில் வினாடிக்கு 60 என்று காட்டும், கண்ணுக்கு 30 மாதிரி இருக்கும்.

2011 செப்டம்பரில் டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன், சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்று அளக்க ஆரம்பித்தார். 2013-இல் பிசி பெர்ஸ்பெக்டிவ் தளம் திரைக்குப் போகும் சிக்னலையே பதிவு செய்து ஆராய்ந்தது. அதற்கான எஃப்சிஏடி கருவியைத் தந்தது என்விடியா. போட்டியாளர் குட்டை உடைக்கத் தராசு கொடுப்பது வியாபாரத்தில் புதிதல்ல. ஏஎம்டி கிராஸ்ஃபயரில் பல ஃபிரேம்கள் திரையில் சில கோடு அளவுக்கே தெரிந்தன என்று வெட்டவெளிச்சமானது.

இந்த நேரத்தில்தான், 2013 ஏப்ரலில், எச்டி 7990 வந்தது. 999 டாலர், கூட எட்டு கேம் இலவசம். ஃபிரேம் இடைவெளியைச் சீராக்கும் டிரைவர் ஆகஸ்டில்தான் முதலில் வெளிவந்தது. அதற்குள் கார்டின் விலையும் நன்றாகச் சரிந்துவிட்டது. முதலில் முழு விலை கொடுத்தவர் மூன்று மாதம் குறைப்பட்ட பொருளை வைத்திருந்தார். பொறுத்திருந்தவர் சரியான பொருளைக் குறைந்த விலைக்கு வாங்கினார். விலை விகிதம் 100 என்று பட்டியலில் பார்க்க நியாயமாகத் தெரிகிறது. கிடைத்தது 100 அல்ல.

இரண்டு தனிக் கார்டுக்கும் இதே நோய் உண்டு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒரு வித்தியாசம். தனியாக வாங்கியவர் பிடிக்கவில்லை என்றால் ஒன்றை விற்றுவிடலாம். முதலில் ஒன்று வாங்கி, ஆறு மாதம் கழித்து விலை இறங்கியதும் இரண்டாவதை வாங்கலாம். இரட்டைக் கார்டை நடுவில் ரம்பம் வைத்து அறுக்க முடியாது. இந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை ஈடுகட்டும் தள்ளுபடி இரட்டைக் கார்டில் இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

மூவாயிரம் டாலர்

2014 மார்ச்சில் என்விடியா டைட்டன் இசட் அறிவித்தது. 2999 டாலர். அன்றைக்கு ஏறக்குறைய 1,80,000 ரூபாய். தனி டைட்டன் பிளாக் 999. வேகமோ 889 மெகாஹெர்ட்ஸிலிருந்து 705-க்கு இறக்கப்பட்டது. 79 சதவீத வேகத்துக்கு 150 சதவீத விலை! அறிவியல் கணக்கீட்டுக்கான கார்டு என்று ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. ஆனால் அந்த வசதி தனி டைட்டன் பிளாக்கிலும் உண்டு. இட மிச்சம் என்று பார்த்தால், இசட் மூன்று ஸ்லாட் அகலம். இரண்டு பிளாக் நான்கு ஸ்லாட். ஒரு ஸ்லாட்டுக்கு ஆயிரம் டாலர் வாடகை. மெயின் அருவிக்கு எதிரே சீசனில் கூட யாரும் கேட்காத வாடகை இது.

ஏப்ரலில் வந்த ஏஎம்டியின் 295எக்ஸ்2 விலையும் அதிகம்தான், 137. ஆனால் அது 300 வாட் வேலியையே தாண்டி, 500 வாட் எடுத்து, தண்ணீரால் குளிர்வித்து, தனிக் கார்டின் முழு வேகத்தைக் கொடுத்தது. கூடுதல் காசுக்குக் கூடுதல் பொருள் என்று காட்ட ஏதோ இருந்தது. அந்த வருடமே விலை 999-க்கு இறங்கியது. இரண்டு தனிக் கார்டின் அறிமுக விலையைவிடக் குறைவு! விற்றவரே நான்கைந்து மாதத்தில் தன் முதல் விலையை மறுத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் எழுதிய நினைவகம்

விலையைவிட என்னை அதிகம் உறுத்துவது இது. ஜிடிஎக்ஸ் 295 பெட்டியில் 1792 எம்பி. டைட்டன் இசட்டில் 12 ஜிபி. 295எக்ஸ்2-வில் 8 ஜிபி. எல்லாம் கூட்டல் கணக்கு. கேமில் இரண்டு சிப்பும் மாறி மாறி ஒரே காட்சியை வரைவதால், ஒரே படங்களை இரண்டு சிப்பும் தன் தன் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். பயன்படுவது பாதி: 896 எம்பி, 6 ஜிபி, 4 ஜிபி. ஒரே பாடப்புத்தகத்தை இரண்டு காப்பி வைத்துக்கொண்டு, என்னிடம் இரண்டு பாடத்துக்குப் புத்தகம் இருக்கிறது என்று சொல்வது மாதிரி. எழுதியது பொய் என்று சொல்ல முடியாது. சிப்புகள் கார்டில் இருக்கின்றன. ஆனால் வாங்குகிறவர் புரிந்துகொள்வது வேறு.

இதே பொருளை நேர்மையாக விற்க முடியாதா? முடியும். 2014 கடைசியில் என்விடியா டெஸ்லா கே80 என்ற இரட்டைச் சிப் கார்டை சர்வர்களுக்காக விட்டது. 24 ஜிபி, அதாவது 12-ம் 12-ம். 2016-இல் அமேசான் தன் மேகக்கணினியில் இதை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டபோது கார்டைக் கணக்கில் எடுக்கவில்லை, சிப்பைத்தான் எடுத்தது. அமெரிக்காவில் அன்றைய விலைப்படி ஒரு சிப், 12 ஜிபி, மணிக்கு 90 சென்ட். பதினாறு சிப் வேண்டுமா, 14 டாலர் 40 சென்ட். பெருக்கிப் பாருங்கள், துல்லியமாகப் பதினாறு மடங்கு. கூட்டி எழுதிய நினைவகம் இல்லை, ஜோடிக்குத் தனி விலை இல்லை. கூகுள் கோலாபில் இலவசமாகப் பைத்தான் ஓட்டிப் பழகியவர்களில் பலரும் அந்த நாட்களில் ஒரு கே80-இன் பாதியில்தான் ஓட்டினார்கள்.

அதே கே80 இப்போது பழைய கடைச் சரக்கு. "24 ஜிபி" என்று விளம்பரம் வரும். ஒரு சிப்புக்கு 12 ஜிபிதான். 2022 டிசம்பரில் வந்த கியூடா 12 அந்தத் தலைமுறை சிப்பைக் கைவிட்டுவிட்டது. மின்சாரம் 300 வாட், கார்டில் விசிறி கூடக் கிடையாது, சர்வரின் காற்றை நம்பிச் செய்தது. வாங்குமுன் யோசியுங்கள்.

முடிந்ததும் தொடங்கியதும்

கேமுக்கான இரட்டைக் கார்டு 2016-இன் ரேடியான் ப்ரோ டுயோவோடு ஏறக்குறைய முடிந்தது. டைரக்ட்எக்ஸ் 12 வந்தபின் இரண்டு சிப்பை ஓட்டும் பொறுப்பு கேம் எழுதுபவர் தலையில் விழுந்தது; அவர்களில் பெரும்பாலோர் அதைச் சுமக்கவில்லை. 2021 ஜனவரி முதல் எஸ்எல்ஐ-க்குப் புதிய டிரைவர் அமைப்புகள் எழுதுவதில்லை என்று என்விடியா அறிவித்தது. ஏஎம்டியும் 2021-இல் 295எக்ஸ்2 காலத்துச் சிப்புகளைப் பழைய பட்டியலுக்குத் தள்ளியது. மென்பொருள் வாக்குறுதி என்று முன்பு சொன்னேனே, அதன் கெடு முடிந்தது. கணக்கில் வருடத்துக்கு இத்தனை என்று தேய்மானம் எழுதுவோம். இந்தக் கார்டுகளுக்குத் தேய்மானம் ஒரே அறிவிப்பில் வந்தது.

ஆனால் இரட்டைச் சிப் சாகவில்லை. 2024-இல் அறிவித்த என்விடியாவின் பிளாக்வெல் சர்வர் சிப் உண்மையில் இரண்டு துண்டு. நடுவில் வினாடிக்கு 10 டெராபைட் ஓடும் இணைப்பு, வெளியே ஒரே சிப்பாகத் தெரியும். செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையில் ரயிலுக்குப் பின்னாலிருந்து தள்ளும் இன்ஜினுக்குத் தனியாக ஒரு டிரைவர் உண்டு. முன்னால் இருப்பவரும் அவரும் ஒத்துப்போனால்தான் வண்டி குலுங்காமல் ஏறும். பழைய இரட்டைக் கார்டு அப்படி. பிளாக்வெல், இரண்டு இன்ஜினை ஒரே டிரைவர் ஓட்டுவது மாதிரி. அங்கே நினைவகத்தைக் கூட்டிச் சொல்வதில் தவறில்லை. ஆனால் 2025-இல் மேக்ஸன் கம்பெனி காட்டிய இன்டெல் ஆர்க் ப்ரோ பி60 இரட்டைக் கார்டு பழைய வகை: 24-ம் 24-ம், பெட்டியில் 48 ஜிபி. பெரிய மொழி மாதிரியை இரண்டு சிப்பிலும் பிரித்து வைத்து ஓட்ட மென்பொருள் இருப்பதால், கேமைவிட இங்கே கூட்டல் கணக்குக்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு. ஆனாலும் அவை இரண்டு 24-தான்.

ஆக, இரட்டைக் கார்டின் விலை நியாயமா? 2000-லிருந்து 2011 வரை பெரும்பாலும் நியாயம். காரணம் கம்பெனியின் நல்ல மனசு இல்லை, எதிர்க்கடைக்காரர். 2014-இல் அநியாயம். என் அளவுகோல் இதுதான்: இரண்டு தனிக் கார்டின் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் எவ்வளவு குறைத்திருக்கிறார்களோ அவ்வளவு கழியுங்கள். பிரித்து விற்க முடியாத குறைக்குக் கொஞ்சம் கழியுங்கள். உங்கள் போர்டில் ஒரே ஸ்லாட்தான் என்றால், மாற்றாமல் மிச்சமாகும் போர்டின் விலையைக் கூட்டுங்கள். நினைவகத்தைப் பாதியாக எழுதிக்கொள்ளுங்கள். வரும் தொகைக்குள் இருந்தால் வாங்கலாம்.

இல்லையென்றால் ஒற்றைச் சிப்பில் கிடைப்பதில் நல்லதாக ஒன்றை வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் சாரல் காலத்தில் குற்றாலம் வாருங்கள். சிங்கிள் ரூமே போதும்.